கம்பியா, கணக்கா?

அமெரிக்காவில் தொண்ணூறுகளின் பிற்பாதியில் விற்ற ஷெவர்லே பிக்கப் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருநாள் சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது அது முக்கி முனகி நகர்கிறது. நெடுஞ்சாலைக்கு வந்த பிறகும் நான்காவது கியர் விழவில்லை. எஞ்சின் வீணாக இரைந்துகொண்டே வருகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசி கனெக்டரில் ஸ்கேனரைச் செருகினால் ஐந்து குறியீடுகள் வரிசை கட்டுகின்றன: பி0740, பி0753, பி0758, பி0785, பி1860.

ஐந்து குறியீடு என்றால் ஐந்து கோளாறு என்று மனம் கூட்டிப் பார்க்கும். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க எவ்வளவு ஆகுமோ என்ற கவலை பின்னாலேயே வரும். ஆனால் கை தேர்ந்த மெக்கானிக் முதலில் திறப்பது ஃபியூஸ் பெட்டியைத்தான். அந்த ஐந்து குறியீடுகளும் ஐந்து சோலனாய்டுகளைப் (மின்சாரத்தால் இயங்கும் குட்டி வால்வுகளைப்) பற்றியவை. ஐந்துக்கும் மின்சாரம் வருவது ஒரே ஃபியூஸ் வழியாக. ஐந்து உறுப்புகள் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு சாவதில்லை. ஒரு ஃபியூஸ் போனால் ஐந்தும் ஒன்றாகப் படுத்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கோளாறுக் குறியீட்டை எப்படி வாசிப்பது என்பதற்கு இதுவே முதல் பாடம். கணினிக்கு கியர்பாக்ஸின் உள்ளே கண் கிடையாது. கிளட்ச் தேய்ந்ததை அது பார்ப்பதில்லை. வால்வு சிக்கியதை அது தொட்டறிவதில்லை. அதற்குத் தெரிந்த சோதனைகள் இரண்டே வகை. ஒன்று, கம்பியில் இருக்க வேண்டிய மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றது, சுழலும் வேகங்களை வைத்துக் கணக்குப் போட்டு, விடை ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. எந்தக் குறியீடு வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கம்பிக் குறையா, கணக்குக் குறையா?

எண்ணெயே மூளையாக இருந்த காலம்

இந்தக் கேள்வி புரிய, கியர்பாக்ஸுக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரா-மேட்டிக் என்ற நான்கு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். அதில் கணினியும் இல்லை, சென்சாரும் இல்லை. எண்ணெய் அழுத்தமே முடிவெடுத்தது. வெளியேறும் தண்டோடு சேர்ந்து சுழலும் கவர்னர் என்ற கருவி, வண்டி வேகமாகப் போகப் போக அதிக அழுத்தத்தைத் தரும். ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த இன்னொரு வால்வு, மிதிக்க மிதிக்க அதிக அழுத்தத்தைத் தரும். இரண்டு அழுத்தங்களும் ஒரு சின்ன வால்வின் இரு முனைகளிலும் எதிரெதிராக மோதும். வேகத்தின் பக்கம் வென்றால் மேல் கியர். மிதியின் பக்கம் வென்றால் கீழ் கியர். கயிறிழுப்புப் போட்டிதான்.

வால்வு திறந்தால் எண்ணெய் ஒரு கிளட்சையோ பட்டையையோ இறுக்கும். அது கோள் பல்சக்கரத் தொகுதியின் ஒரு பாகத்தைப் பிடித்து நிறுத்தும். நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே வளையச் சக்கரம்; இவற்றில் எதை நிறுத்துகிறோம், எதைச் சுழற்றுகிறோம் என்பதைப் பொறுத்து வேக விகிதம் மாறும். பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். ஆகவே கியர் மாற்றுவது என்றால் ஒரு பிடியை விட்டு இன்னொரு பிடியைப் பற்றுவதுதான்.

எண்பதுகளில் அந்தக் கயிறிழுப்பின் இடத்தில் கணினி வந்து உட்கார்ந்தது. கிளட்சும் பல்சக்கரமும் அப்படியே இருந்தன. அழுத்தத்தை எந்த வழியில் விடுவது என்ற முடிவு மட்டும் மின்சாரத்தின் கைக்குப் போனது. ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 என்ற பெட்டி 1982-ல் வந்தது. 1993-ல் அதுவே மின்னணுக் கட்டுப்பாடு பெற்று 4எல்60-இ ஆனது. நமது பிக்கப்பில் இருப்பது அதுதான்.

இரண்டு சுவிட்ச், நான்கு கியர்

4எல்60-இ பெட்டியில் கியரைத் தேர்ந்தெடுப்பவை இரண்டே சோலனாய்டுகள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு எண்ணெய்த் துளையை அடைக்கும், நின்றால் திறந்துவிடும் குட்டி வால்வுகள் இவை. இரண்டு சுவிட்சுகளுக்கு நான்கு நிலைகள் உண்டு. நான்கு கியருக்கு அது போதும். முதல் கியரில் இரண்டும் ஆன். இரண்டாம் கியரில் முதலாவது ஆஃப், இரண்டாவது ஆன். மூன்றாம் கியரில் இரண்டும் ஆஃப். நான்காம் கியரில் முதலாவது ஆன், இரண்டாவது ஆஃப்.

ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரே ஒரு சுவிட்ச்தான் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். மின்னணுவியலில் இதற்குக் கிரே குறியீடு என்று பெயர். பெல் ஆய்வகத்தின் ஃப்ராங்க் கிரே 1947-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுவிட்சுகள் ஒரே நேரத்தில் மாற வேண்டியிருந்தால், ஒன்று கண நேரம் பிந்தினாலும் இடையில் தவறான கியர் எட்டிப்பார்க்கும். ஒன்று மட்டும் மாறினால் அந்தத் தொல்லை இல்லை.

மின்சாரமே இல்லாமல் போனால்? இரண்டும் ஆஃப், ஆகவே மூன்றாம் கியர். ஃபியூஸ் போன நம் வண்டி மூன்றிலேயே மாட்டிக்கொண்டதன் காரணம் இதுதான். பொறியாளர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த வழி அது. முதல் கியரில் மாட்டினால் நெடுஞ்சாலையில் ஆபத்து. நான்கில் மாட்டினால் சிக்னலில் கிளம்புவது பெரும்பாடு. மூன்றில் நொண்டியடித்தாவது வீடு வந்து சேரலாம். எண்ணெய் அழுத்தத்தை ஆளும் சோலனாய்டும் இப்படித்தான்: மின்சாரம் இல்லையென்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். கிளட்ச் வழுக்கிக் கருகுவதைவிட, வண்டி குலுங்குவது மேல்.

இதே கேள்விக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விடை கண்டது. கிரைஸ்லர் 1989-ல் கொண்டுவந்த ஏ604 இரண்டாம் கியரில் நிற்கும். டொயோட்டாவின் ஏ340இ, லீவர் டி-யில் இருந்தால் ஓவர்டிரைவுக்கே, அதாவது நான்காம் கியருக்கே, போய்விடும். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. மின்சாரம் இல்லாவிட்டாலும் லீவரை 2-க்குக் கொண்டுவந்தால் மூன்றாம் கியரும், எல்-க்குக் கொண்டுவந்தால் முதல் கியரும் விழும். டொயோட்டா மெக்கானிக்குகள் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். சோலனாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு, லீவரால் மட்டும் ஓட்டிப்பார்ப்பார்கள். மூன்று நிலையிலும் வண்டி ஒழுங்காக இழுத்தால் பெட்டியின் உள்ளுறுப்புகள் நலம். தேட வேண்டியது மின்சாரத்தில். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிப் பிணி நீங்கும்.

விளக்கு கண்சிமிட்டிய நாட்கள்

இன்றைய ஸ்கேனர்கள் வருமுன் குறியீட்டை விளக்கின் சிமிட்டலில்தான் எண்ண வேண்டும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சோதனைக் கனெக்டரின் ஏ, பி என்ற இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். விளக்கு ஒரு முறை சிமிட்டும், சற்று நிற்கும், இரு முறை சிமிட்டும். அது 12. எஞ்சின் சுழலும் சைகை வரவில்லை என்பது அதன் பொருள். எஞ்சின் ஓடாதபோது அது வந்தே ஆக வேண்டும். கணினிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 12 மூன்று முறை வந்த பிறகுதான் உண்மையான கோளாறுகள் வரும்.

டொயோட்டாவில் டிஇ1, இ1 என்ற முனைகளை இணைத்தால் 'ஓ/டி ஆஃப்' விளக்கு பேசும். 42, 61 என்றால் வேக சென்சார்கள். 62, 63 என்றால் கியர் மாற்றும் சோலனாய்டுகள். 64 என்றால் லாக்-அப் (பின்னால் பார்க்கப்போகும் பூட்டும் கிளட்ச்) சோலனாய்டு. ஹோண்டாவில் டி4 விளக்கு சிமிட்டும். ஜப்பானில் ஓடி முடித்த கார்கள் ஏராளமாக வந்திறங்கிய இலங்கையில், 'ஓ/டி ஆஃப்' சிமிட்டுவதை எண்ணியே கியர்பாக்ஸ் வைத்தியம் கற்ற மெக்கானிக்குகள் உண்டு.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பொது முறை கட்டாயமானது. கனெக்டர் ஒன்று, குறியீட்டு மொழியும் ஒன்று. 'பி' என்பது எஞ்சினும் கியர்பாக்ஸும் அடங்கிய இயக்கத் தொகுதி. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்த நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. ஒரு கம்பெனியின் பி1870-ஐ இன்னொரு கம்பெனி காருக்குப் பொருத்திப் பொருள் சொன்னால் வழி தவறிவிடும். மூன்றாவது இடத்தில் 7 அல்லது 8 வந்தால் பேச்சு கியர்பாக்ஸைப் பற்றியது.

பி0700 என்ற குறியீடு மட்டும் தனி ரகம். கியர்பாக்ஸுக்கென்று தனிக் கணினி உள்ள கார்களில், அந்தக் கணினி எஞ்சின் கணினியிடம் "விளக்கைப் போடு" என்று கேட்டதன் பதிவு அது. உண்மையான குறியீடு பக்கத்து அறையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

கம்பிக் குறை

பி0750 முதல் பி0754 வரையிலான ஐந்தும் முதல் சோலனாய்டைப் பற்றியவைதாம். ஆனால் கடைசி இலக்கத்தில் வித்தை இருக்கிறது. 3 என்றால் மின்சுற்றில் குறை. 1 என்றால் அது ஆஃப் நிலையில் சிக்கியதுபோல் வண்டி நடக்கிறது. 2 என்றால் ஆன் நிலையில் சிக்கியதுபோல். முந்தையது கம்பி, பிந்தையவை கணக்கு. பி0753 வந்த வண்டிக்கும் பி0751 வந்த வண்டிக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

கம்பிச் சோதனையைக் கணினி எப்படிச் செய்கிறது? சோலனாய்டின் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். மறுமுனையைத் தரைக்கு இணைப்பதும் துண்டிப்பதும் கணினியின் வேலை. துண்டித்த நேரத்தில் தன் பக்கக் கம்பியிலும் 12 வோல்ட் தெரிய வேண்டும். இணைத்த நேரத்தில் அது பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். விழாவிட்டாலோ, எழாவிட்டாலோ குறியீடு. சோலனாய்டின் உள்ளே ஊசி அசைந்ததா, எண்ணெய் போனதா என்பதெல்லாம் இந்தச் சோதனைக்குத் தெரியாது.

ஆகவே கம்பிக் குறைக்கு மல்ட்டிமீட்டரே போதும். 4எல்60-இ-யில் கியர் மாற்றும் சோலனாய்டின் மின்தடை ஏறத்தாழ 20 முதல் 30 ஓம். 24 ஓம் என்று வைத்தால், 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் பாயும். எல்லையற்ற தடை காட்டினால் சுருளோ கம்பியோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அளக்கும் இடம் முக்கியம். கணினியின் கனெக்டரில் ஒருமுறை, கியர்பாக்ஸ் பக்கக் கனெக்டரில் ஒருமுறை அளந்தால், குறை இடையில் உள்ள வயரிங்கிலா, பெட்டிக்கு உள்ளேயா என்று பிரிந்துவிடும். பழைய வண்டிகளில் எக்ஸாஸ்ட் குழாயில் உரசி உருகிய வயரும், பச்சை பூத்த கனெக்டர் ஊசியும் சோலனாய்டு மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பொறி, வெப்பம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 24 ஓம் காட்டும் சுருள், எண்ணெய் 100 டிகிரிக்குச் சுட்டபின் 31 ஓமைத் தாண்டும். இது இயல்பு. ஆனால் மயிரிழை விரிசல் விட்ட சுருள், குளிரில் நல்ல பிள்ளையாக 24 ஓம் காட்டிவிட்டு, சூட்டில் விரிந்து அறுந்துபோகும். "காலையில் நன்றாக ஓடுகிறது, அரை மணி நேரம் கழித்துத்தான் மக்கர்" என்ற புகாருக்குக் குளிர்ந்த வண்டியில் விடை கிடைக்காது.

கணக்குக் குறை

கணக்குக் குறை வேறு உலகம். இங்கே கம்பிகள் எல்லாம் நலமாக இருக்கும். விடை மட்டும் ஒத்துவராது.

வெளியேறும் தண்டில் 40 பல் கொண்ட ஒரு சக்கரம் இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் காந்த சென்சாரைக் கடக்கும்போது ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால், நொடிக்குச் சுமார் 1,667 துடிப்புகள். இதைக் கொண்டு கணினி தண்டின் வேகத்தை அறிகிறது. எஞ்சினின் வேகம் ஏற்கெனவே தெரியும். இரண்டுக்கும் உள்ள விகிதம், தான் கட்டளையிட்ட கியரோடு பொருந்த வேண்டும். 4எல்60-இ-யின் விகிதங்கள் 3.059, 1.625, 1, 0.696. பொருந்தாவிட்டால் பழி எங்கோ விழ வேண்டும், குறியீடு பிறக்கிறது.

இந்த இடத்தில் முன்னே பார்த்த இரண்டு சுவிட்ச் கணக்கு பெரிய துணை. இரண்டாவது சோலனாய்டின் வால்வு, குப்பை அடைத்து ஆன் நிலையிலேயே சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணினி முதல் கியர் கேட்டால் முதல் கிடைக்கும். இரண்டு கேட்டால் இரண்டு. மூன்று கேட்டால் முதலாவது ஆஃப், இரண்டாவது சிக்கிய ஆன். அதாவது மீண்டும் இரண்டு. நான்கு கேட்டால் இரண்டும் ஆன். வந்து விழுவது முதல் கியர்! வண்டி 1-2-2-1 என்று நடக்கும். அதே வால்வு ஆஃப் நிலையில் சிக்கினால் 4-3-3-4. முதலாவது சிக்கினால் 2-2-3-3 அல்லது 1-1-4-4. நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். மெக்கானிக்குகள் இந்த எண் வரிசைகளை வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள்.

கிளட்ச் தேய்ந்தால் நடை வேறு மாதிரி இருக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவாக ஒரு கிளட்ச் உண்டு. அது கருகினால் மூன்றாம் கியர் கேட்டதும் வண்டி இழுக்காமல் எஞ்சின் மட்டும் கத்தும். இரண்டுக்கும் நான்குக்கும் பொதுவாக ஒரு பட்டை உண்டு. அது போனால் அந்த இரண்டு கியர்கள் மட்டும் காணாமல் போகும். தவறான கியர் வந்து விழுகிறதா, எந்தக் கியருமே பிடிக்காமல் வழுக்குகிறதா என்ற ஒரு கேள்வியில் வால்வும் கிளட்சும் பிரிந்துவிடும்.

ஒன்று மட்டும் நினைவில் வேண்டும். கணக்குக்கு எண் கொடுப்பது சென்சார். சென்சார் பொய் சொன்னால் கணக்கும் பொய். இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டருக்கும் அதே சைகைதான் மூலம். முள் துள்ளினாலோ திடீரென்று விழுந்தாலோ, கியர்பாக்ஸைத் திட்டுமுன் சென்சாரைப் பாருங்கள்.

பி1870 என்ற புதிர்

கணக்குக் குறைகளில் பெயர்பெற்றது பி1870. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குத் தரும் பொருள்: கியர்பாக்ஸில் ஏதோ ஓர் உறுப்பு வழுக்குகிறது. எந்த உறுப்பு என்று அது சொல்வதில்லை. இந்த ஒரு வரியை நம்பி முழுப் பெட்டியையும் பிரித்து, எல்லாக் கிளட்சையும் மாற்றி மாட்டி, மறுவாரமே அதே குறியீட்டைக் கண்டவர்கள் உண்டு.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருப்பது டார்க் கன்வெர்ட்டர். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழற்றினால், காற்று பட்டு மற்றது சுழல்வதுபோல, இங்கே எண்ணெய் வழியாக விசை பாய்கிறது. எண்ணெய் வழியே போவதால் எப்போதும் கொஞ்சம் வழுக்கும்; வழுக்குவது வெப்பமாகும். அதனால் சீரான வேகத்தில் ஒரு கிளட்ச் கன்வெர்ட்டரை இறுகப் பூட்டிவிடும். பூட்டியபின் கணக்கு மிக எளிது. நான்காம் கியரில் வெளியேறும் தண்டு 2,500 சுற்றினால், 0.696-ஆல் பெருக்க, எஞ்சின் 1,740 சுற்ற வேண்டும். எஞ்சின் 1,950 காட்டினால் 210 சுற்று எங்கோ வழுக்குகிறது. இது நீடித்தால் பி1870.

அப்படியானால் வழுக்குவது பூட்டும் கிளட்ச்தானே? அங்கேதான் இன்னொரு படி இறங்க வேண்டும். 1995 முதல், பூட்டு சட்டென்று விழுந்து குலுக்காமல் மெல்ல இறுகட்டும் என்று, அதை ஆளும் சோலனாய்டைத் துடிப்புகளால் இயக்கினார்கள். நொடிக்கு 32 துடிப்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தத் துடிப்பின் அதிர்வு, அழுத்தத்தைச் சீர்செய்யும் வால்வையும் விடாமல் நடுங்கவைத்தது. அந்த வால்வு ஓடும் குழல், அலுமினிய வால்வு பாடியில் குடைந்தது. ஆண்டுக்கணக்கில் உரசியதில் குழல் தேய்ந்து, எண்ணெய் பக்கவாட்டில் கசியத் தொடங்கியது. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை கசிவு தெரியாது. சூடேறி இளகியதும் அழுத்தம் குறையும்; கிளட்ச் வழுக்கும். கிளட்சில் குற்றமில்லை; அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய கைக்கு வலுவில்லை.

வண்டியின் சொந்தக்காரர் உணர்வதோ வேறொன்று. முதலிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் உதைத்ததுபோல் ஒரு குலுக்கல். அந்தக் குலுக்கல் நோயே இல்லை. பி1870 பதிவானதும் கணினி பூட்டும் முயற்சியைக் கைவிட்டு, மற்றக் கிளட்சுகளாவது வழுக்கிக் கருகாமல் இருக்கட்டும் என்று எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறது. அந்த முரட்டுப் பிடிதான் உதையாகத் தெரிகிறது. நோய் எதுவென்று தெரியாத வைத்தியர் கொடுத்த மருந்தின் பக்கவிளைவு அது. குலுக்கலைக் குணமாக்கப் போனவர், வழுக்கலைக் கோட்டைவிட்டிருப்பார்.

எங்கிருந்து தொடங்குவது?

இத்தனைக்கும் ஒரு வரிசை உண்டு. விலை குறைந்ததில் தொடங்கி, பெட்டியைத் திறப்பதில் முடிவது. முதல் வேலை எழுதிக்கொள்வது. எல்லாக் குறியீடுகளையும், அவற்றோடு கணினி பதித்து வைத்த வேகம், வெப்பம், எஞ்சின் சுற்று ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளாமல் அழிக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் குறியீடு மட்டுமின்றி, தேய்ந்த கிளட்சுக்கு ஈடாக அழுத்தத்தைக் கூட்டக் கணினி கற்றுவைத்த பாடமும் மறந்துபோகும். வண்டி முன்னைவிட மோசமாக ஓடும்.

அடுத்தது எண்ணெய். 4எல்60-இ-யில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சூட்டில், பார்க் நிலையில் அளவு பார்க்க வேண்டும். சிவப்பு நல்லது, கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் கருகியிருக்கிறது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கிரைஸ்லரின் ஏ604 அதற்கென்று வகுத்த உராய்வுக் குணமுள்ள எண்ணெயைக் கேட்டது. டெக்ஸ்ரான் வகையை ஊற்றிய வண்டிகளில் கிளட்சுகள் அதிர்ந்து தொல்லை தந்தன.

பிறகு பேட்டரி, ஃபியூஸ், கனெக்டர், மின்தடை. அதற்குப் பின் ஸ்கேனரில் எண்களைப் பார்த்தபடி ஒரு ஓட்டம். பிறகு அழுத்த மீட்டர். கடைசியில்தான் கீழ்த் தட்டைக் கழற்றுவது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் பொடி ஒட்டியிருந்தால் அது வயதின் அடையாளம்; உலோகச் சில்லுகள் கிடந்தால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.

பி1870 வண்டியில் பெரும்பாலும் அங்கே பொடி மட்டுமே இருக்கும். பெட்டியை இறக்காமலேயே, கீழிருந்து வால்வு பாடியைக் கழற்றி, தேய்ந்த குழலைச் சற்று அகலமாகக் குடைந்து, அதற்கேற்ற பருத்த வால்வைப் போட்டால் கசிவு நிற்கும். பிறகு குறியீட்டை அழித்துவிட்டு, எண்ணெய் நன்றாகச் சுடும்வரை ஓட்ட வேண்டும். விளக்கு அணைந்திருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அழித்த விளக்கு எப்படியும் அணைந்துதான் இருக்கும். நான்காம் கியரில், கன்வெர்ட்டர் பூட்டிய நிலையில், தண்டு 2,500-ஐத் தொடும்போது எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 1,740 என்றால் கணக்கு நேராகிவிட்டது.